பத்துக்கு ஒன்பது வாங்கிய வாக்கியம்

கணினித் துறையினர் தமக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய விஷயத்தில் தமிழ் வாத்தியாருக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கட்டும். வழக்கு ஒரு வாக்கியத்தைப் பற்றியது. வாக்கியத்தைப் பற்றிய வழக்கில் நமக்கு வேலை உண்டு என்பதே நம் விடை.

நடந்ததை முதலில் சொல்லிவிடுவோம். நாம் பணிபுரியும் இடத்தில் அகமதிப்பீட்டு மதிப்பெண்களைக் கையாள ஒரு மென்பொருளை வெளியாரிடமிருந்து வாங்கினார்கள். அதில் ஒரு செயற்கை நுண்ணறிவு முகவர் உண்டு. படிவங்களைத் தேடித் திறக்க வேண்டியதில்லை. வேண்டியதை எழுதினால் போதும், அது செய்து முடிக்கும் என்றார்கள். இரண்டாமாண்டு மாணவி ஒருத்தியின் ஒப்படைவு மதிப்பெண்ணை 7 என்று தவறாகப் பதிந்திருந்தோம், அது 9. அதைத் திருத்தும்படி எழுதினோம். 'திருத்தப்பட்டது' என்று விடை வந்தது. மறுநாள் காலை வேறொரு மாணவி துறை வாசலில் நின்றாள். 'ஐயா, எனக்கு எல்லாப் பகுதியிலும் சுழி போட்டிருக்கிறது. நான் எதையாவது எழுதாமல் விட்டுவிட்டேனா?' என்றாள். திறந்து பார்த்தால், நாற்பத்தெட்டுப் பேர் இருந்த பட்டியலில் ஒருத்தியின் மதிப்பெண் மட்டும் இருந்தது. மற்ற நாற்பத்தேழு வரிசைகளும் வெறுமையாகி, மாணவர் பக்கத்தில் சுழியாகத் தெரிந்தன. கையால் எழுதும் மதிப்பெண் ஏட்டை நாம் கைவிடாதிருந்ததால் தப்பினோம்.

விற்றவர்களைக் கேட்டபோது, 'மொழி மாதிரி தவறாகப் புரிந்துகொண்டுவிட்டது' என்றார்கள். எதைத் தவறாகப் புரிந்துகொண்டது என்று கேட்டோம். நெடுநேரம் கேட்ட பிறகே காட்டினார்கள். அந்தக் கருவிக்கு ஆங்கிலத்தில் ஒற்றை வரி விளக்கம் எழுதப்பட்டிருந்தது. தமிழில் சொன்னால், 'மதிப்பெண் பட்டியலைப் புதுப்பிக்கும்.' அவ்வளவுதான். அனுப்பும் பட்டியல் பழைய பட்டியலோடு சேர்க்கப்படுமா, பழையதை அழித்துவிட்டு அதன் இடத்தில் உட்காருமா என்று ஓரிடத்திலும் இல்லை. முகவர் ஒருத்தியின் வரிசையை மட்டும் அனுப்பியது. கருவியோ முழுப் பட்டியலையும் அதனால் மாற்றிவிட்டது. இதற்குமேல் அவர்கள் பெருமையோடு சொன்ன செய்தி ஒன்றுண்டு: விளக்கங்களையெல்லாம் முன்னமே தர மதிப்பீடு செய்திருக்கிறார்களாம். இன்னொரு மொழி மாதிரியிடம் கொடுத்துத் தெளிவு, சுருக்கம், நடை என்று மதிப்பெண் போடச் சொல்லியிருக்கிறார்கள். இந்த வாக்கியம் வாங்கியது பத்துக்கு ஒன்பது.

நாற்பத்தேழு பேரைச் சுழியாக்கிய வாக்கியத்துக்குப் பத்துக்கு ஒன்பது போடும் தேர்வு எப்படிப்பட்ட தேர்வு? நம் சண்டை அந்தத் தேர்வோடுதான்.

இத்துறைக்குப் புதியவர்களுக்காகச் சிறிது விளக்கம். பயனர் இட்ட பணியை முடிக்கத் தானே படிகளை வகுத்துக்கொண்டு பிற மென்பொருள்களை இயக்கும் அமைப்பையே முகவர் என்கிறோம். ஏஜென்ட் என்பது பரவலான வழக்கு. அதன் நடுவில் இருப்பது ஒரு மொழி மாதிரி. அதற்கு உரையைப் படிக்கவும் எழுதவும் தெரியும். கோப்பைத் திறக்க, அஞ்சல் அனுப்ப, பட்டியலைத் திருத்தக் கருவிகள் வேண்டும். 2023 ஜூன் மாதத்தில் ஓப்பன்ஏஐ நிறுவனம் தன் மொழி மாதிரிகளுக்கு இவ்வாறு வெளிக் கருவிகளை அழைக்கும் வசதியைத் திறந்துவிட்டது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம், எந்த முகவரும் எந்தக் கருவியோடும் இணைவதற்கான பொது நெறிமுறை ஒன்றை வெளியிட்டது. எம்சிபி என்று அதைச் சுருக்கி வழங்குகிறார்கள். கருவி தன்னை அறிவித்துக்கொள்ளும்போது மூன்று செய்திகள் முகவருக்குப் போகின்றன: கருவியின் பெயர், அது என்ன செய்யும் என்னும் விளக்கம், எந்த உள்ளீடுகளை எந்த வடிவில் ஏற்கும் என்னும் வரையறை. உள்ளே ஓடும் நிரலை முகவர் பொதுவாகப் பார்ப்பதில்லை. எழுதியவரைக் கூப்பிட்டு ஐயம் கேட்கவும் அதற்கு வழியில்லை. நிரலாளர் போகிற போக்கில் கிறுக்கிய அந்த ஒரு வரியை நம்பித்தான் அது கைநீட்டுகிறது.

ஆகவே கருவி விளக்கம் என்பது அலங்காரக் குறிப்பன்று. ஏவல் வாக்கியத்துக்கு உரிய பொறுப்பெல்லாம் அதற்கும் உண்டு. மருந்துப் புட்டியின் மேல் ஒட்டிய சீட்டு போன்றது. சீட்டின் கையெழுத்து அழகாயிருக்கிறதா என்று பார்த்து மதிப்பெண் போடுகிறவனை மருந்துக்கடையில் வைத்துக்கொள்வார்களா? சீட்டைப் படித்தவர் சரியான வேளையில் சரியான அளவு விழுங்கினாரா என்பதல்லவா கேள்வி?

நம் வாதம் இதுதான்: கருவி விளக்கத்தின் தரத்தை அதன் சொற்களைப் பார்த்து முடிவு செய்ய முடியாது; அதைப் படித்த முகவர் என்ன செய்தது என்பதைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். இதை மறுப்பவர்கள் சொல்வன மூன்று. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் மறுப்பு, 'மொழி மாதிரியே நடுவராக இருந்து மதிப்பிடுவது ஏற்கப்பட்ட முறைதானே' என்பது. ஆம், ஏற்கப்பட்ட முறைதான். 2023இல் எம்டி-பெஞ்ச் என்னும் தேர்வுத் தொகுப்போடு வெளிவந்த ஆய்வு, வலிய மொழி மாதிரி ஒன்றின் தீர்ப்பு மனிதர் தீர்ப்போடு எண்பது விழுக்காட்டுக்கு மேல் ஒத்துப்போவதைக் காட்டியது. நமக்குப் பாதகமானது என்று அதை மறைக்கமாட்டோம். ஆனால் அதே ஆய்வு வேறு சிலவற்றையும் சொன்னது. முதலில் வைக்கப்பட்ட விடைக்குச் சாயும் பழக்கம் அந்த நடுவருக்கு உண்டு. நீளமான விடையை நல்ல விடை என்று எண்ணும் பழக்கமும் உண்டு. இன்னொன்றையும் கவனியுங்கள். அங்கே ஒப்பிடப்பட்டவை உரையாடல் விடைகள். இரண்டு விடைகளில் எது படிக்க நன்றாயிருக்கிறது என்று மனிதரும் நடுவரும் ஒத்துச் சொன்னார்கள். கருவி விளக்கம் படித்து மகிழ எழுதப்படுவதன்று. படித்துச் செயல்பட எழுதப்படுவது. கவியரங்கத்துக்கு ஏற்ற நடுவரைக் கட்டட வரைபடத்துக்கு ஒப்புதல் வழங்க உட்காரவைப்பது முறையாகுமா?

நடையை மட்டும் பார்க்கும் நடுவர் கண்ணில் படாத குற்றங்கள் எவை? இங்கேதான் தமிழ் வாத்தியாருக்கு வேலை வருகிறது. ஒரு நூலில் வரக்கூடாத குற்றங்கள் பத்து என்று தொல்காப்பிய மரபியலும் பேசுகிறது, பவணந்தியாரின் நன்னூல் பாயிரமும் பேசுகிறது. முதலாண்டு மாணவர்கள் தேர்வுக்காக மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடும் பகுதி அது. அந்தக் குற்றப் பெயர்களில் சிலவற்றை எடுத்துக் கருவி விளக்கங்களின் மேல் வைத்துப் பார்த்தோம். இந்தக் காலத்துக்கென்று வார்த்தது போல் பொருந்துகின்றன.

குன்றக் கூறல்: சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுவது. தேதியை உள்ளீடாகக் கேட்கும் கருவி, அது எந்த வடிவில் வேண்டும் என்று சொல்லாவிட்டால் 03-04 என்பது மார்ச் 4 ஆகலாம், ஏப்ரல் 3 ஆகலாம். தொகையைக் கேட்கும் கருவி ரூபாயிலா பைசாவிலா என்று சொல்லாவிட்டால் விளைவை நாம் சொல்ல வேண்டியதில்லை. நம் மதிப்பெண் பட்டியலின் குற்றமும் இந்த இனமே. இதைச் 'சுருக்கம்' என்று பாராட்டி மதிப்பெண் போட்டது அந்த நடுவர். சுருங்கச் சொல்வது அழகு, குன்றச் சொல்வது குற்றம். இரண்டுக்கும் வேறுபாடு தெரியாதவர் தேர்வாளர் ஆகக்கூடாது.

மிகைபடக் கூறல்: இதற்கு நேர் எதிர். விளக்கம் முழுவதும் முகவரின் நினைவுப் பரப்பில் இடம் பிடிக்கும். ஐந்து சர்வர்களின் 58 கருவிகளை இணைத்த ஓர் அமைப்பில், பயனர் ஒரு சொல் பேசுவதற்கு முன்னரே கருவி வரையறைகள் மட்டும் ஏறத்தாழ 55,000 டோக்கன்களை விழுங்கிவிடுவதாக 2025 நவம்பரில் ஆந்த்ரோபிக் பொறியாளர்கள் எழுதினார்கள். சட்டி நிறைய உப்பைக் கொட்டிவிட்டுச் சோற்றுக்கு இடம் தேடுகிற கதை.

மயங்க வைத்தல்: ஒரு பொருளா வேறொன்றா என்று படிப்பவர் தடுமாறும்படி எழுதுவது. 'அறிவிப்பை அனுப்பும்' என்று ஒரு கருவி, 'செய்தியை அனுப்பும்' என்று இன்னொரு கருவி. ஒன்று தனி ஒருவருக்குப் போகிறது. மற்றது ஊருக்கே போகிறது. தனித்தனியே படித்தால் இரண்டு வாக்கியங்களும் குற்றமற்றவை. தனித்தனியே மதிப்பெண் போட்டால் இரண்டும் முதல் வகுப்பில் தேறும். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் குற்றம் தெரியும். எனவே ஒரு விளக்கத்தைத் தனியே எடுத்துத் தரம் சொல்வது என்பதே பாதி அபத்தம். அதோடு சேர்ந்து வரும் மற்றக் கருவிகளின் நடுவே வைத்துத்தான் அதன் தரம் பேச முடியும்.

மாறுகொளக் கூறல்: விளக்கம் ஒன்றைச் சொல்ல வரையறை வேறொன்றைச் சொல்வது. 'விருப்பமிருந்தால் தரலாம்' என்று வாக்கியத்தில் இருக்கும். 'கட்டாயம்' என்று வரையறையில் இருக்கும். நிரலை மாற்றியவர் விளக்கத்தை மாற்ற மறந்ததால் பெரும்பாலும் இது நேர்கிறது. விளக்கத்தை மட்டும் படிக்கும் நடுவருக்கு இது எப்படித் தெரியும்?

இரண்டாம் மறுப்பு, 'மொழி மாதிரிகள் ஆண்டுதோறும் வளர்கின்றன. அரைகுறையாக எழுதினாலும் தாமே புரிந்துகொள்ளும்' என்பது. வளர்கின்றன என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் எழுதப்படாத ஒன்றை எவ்வளவு பெரிய அறிஞரும் படிக்க முடியாது, ஊகிக்கத்தான் முடியும். பட்டியல் சேர்க்கப்படுமா மாற்றப்படுமா என்பது நிரலாளரின் விருப்பம். இரண்டு வகையாகவும் கருவிகள் உலகில் இருக்கின்றன. அறிவு வளர வளர ஊகம் நயமாகும், உண்மையாகிவிடாது.

ஆற்றல் மிக்க மொழி மாதிரிகளை உருவாக்குகிறவர்களே விளக்கத்தையும் கருவியின் அமைப்பையும் செப்பனிட்டுப் பயன் கண்டதற்குச் சான்றுகள் உண்டு. 2024 டிசம்பரில் வெளியான ஆந்த்ரோபிக் கட்டுரை ஒன்று இப்படிச் சொல்கிறது: நிரல் பிழைகளைத் திருத்தும் முகவர், வேறு கோப்புறைக்கு நகர்ந்த பிறகு, கோப்பின் சுருக்க முகவரியைக் கொடுத்துத் தவறிக்கொண்டேயிருந்தது. தொடக்கத்திலிருந்து முழு முகவரியைத்தான் தர வேண்டும் என்று கருவியை மாற்றியதும் அந்தத் தவறு நின்றது. 2025 செப்டம்பர்க் கட்டுரையில் இன்னொன்று. வலைத் தேடல் கருவியைப் பயன்படுத்தும்போது அவர்களுடைய மொழி மாதிரி, தேவையே இல்லாமல் தேடுசொல்லோடு 2025 என்ற எண்ணை ஒட்டிக்கொண்டிருந்தது. தேடல் முடிவுகள் கெட்டன. விளக்கத்தைத் திருத்தி வழிக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டு குறைகளும் எப்படித் தெரியவந்தன? வாக்கியத்துக்கு மதிப்பெண் போட்டதனாலா? இல்லை. முகவர் என்ன செய்கிறது என்று உட்கார்ந்து பார்த்ததனால்.

மூன்றாம் மறுப்பு, 'ஓடவிட்டுப் பார்த்தோமே, சரியாகத்தானே செய்தது' என்பது. ஒருமுறை சரியாகச் செய்தது என்பது சான்றாகாது. 2024இல் வெளியான டவ்-பெஞ்ச் என்னும் ஆய்வு, கருவிகளைக் கையாளும் முகவர்களுக்கு ஒரே பணியைத் திரும்பத் திரும்பக் கொடுத்துச் சோதித்தது. சில்லறை வணிகப் பணிகளில் எட்டு முறையும் பிழையின்றி முடிக்கும் வீதம், அந்நாளில் முன்னணியில் இருந்த ஜிபிடி-4ஓ மொழி மாதிரிக்கும் 25 விழுக்காட்டைத் தொடவில்லை. இன்றைய முகவர்கள் அதனினும் தேர்ந்தவை. ஆயினும் பாடம் பழுதாகவில்லை. ஒரு முறை தேறுவது வேறு. எப்போதும் தேறுவது வேறு. நம் துறையிலும் அந்தக் கருவி முன்பு பலமுறை சரியாகத்தான் ஓடியது. முழு வகுப்பின் பட்டியலையும் ஒருசேர அனுப்பிய நாள்களில் குற்றம் வெளிப்பட வாய்ப்பே இல்லை. ஒருத்தியின் மதிப்பெண்ணை மட்டும் திருத்திய நாளில் வெளிப்பட்டது.

அப்படியானால் எப்படி மதிப்பிட வேண்டும்? குறை சொல்வதோடு நின்றால் நாமும் கடமை தவறியவர்களாவோம். நாம் வேண்டுவன ஐந்து.

ஒன்று, உண்மையான பணிகளைக் கொடுத்து, முடிவில் உலகம் எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். 'திருத்தப்பட்டது' என்று முகவர் சொன்னதைப் பார்க்காதீர்கள், பட்டியலைப் பாருங்கள்.

இரண்டு, எந்தக் கருவியும் பொருந்தாத பணிகளையும் தேர்வில் வையுங்கள். பெர்க்லி பல்கலைக்கழகத்தினர் நடத்தும் கருவி அழைப்புத் தரவரிசையில் இதற்கெனவே ஒரு பகுதி உண்டு. எப்போது பயன்படுத்த வேண்டும் என்று மட்டும் சொல்லி, எப்போது கூடாது என்று சொல்லாத விளக்கம் பாதி விளக்கம்.

மூன்று, மற்றவற்றையெல்லாம் அப்படியே வைத்து, விளக்கத்தின் ஒரு தொடரை மட்டும் நீக்கியோ மாற்றியோ பலமுறை ஓடவிடுங்கள். எந்தத் தொடர் வேலை செய்கிறது, எது நின்றும் பயனின்றி நிற்கிறது என்று தெரிந்துவிடும். ஒரு மொழி மாதிரியோடு நிறுத்தாமல் வேறொன்றிடமும் கொடுங்கள். தன் மாணவருக்கு மட்டும் புரியும் உரையை நல்ல உரை என்று நாம் ஒப்புவதில்லை.

நான்கு, பயனர் பேசும் மொழியில் தேர்வு வையுங்கள். விளக்கம் ஆங்கிலத்தில் இருக்கும். ஏவுகிறவர் தமிழில் ஏவுவார். 'இந்தக் கணக்கை முடித்துவிடு' என்று ஒருவர் எழுதினால், நிலுவையைக் கட்டித் தீர்க்கச் சொல்கிறாரா, கணக்கையே மூடச் சொல்கிறாரா? தமிழர் இரண்டு பொருளிலும் அன்றாடம் பேசுகிறோம். கணக்கை மூடும் கருவியின் விளக்கத்தில், 'பயனரிடம் உறுதி கேட்ட பிறகே அழைக்கவும். மூடியதை மீட்க முடியாது' என்று இருந்தால் ஆபத்து குறையும். ஆங்கில ஏவல்களை மட்டும் வைத்துச் சோதித்தவர்களுக்கு இந்தத் தேவையே கண்ணில் படாது.

ஐந்து, விளக்கத்தையே முழுக் காவலாக நம்பாதீர்கள். 2025 ஏப்ரலில் இன்வேரியன்ட் லேப்ஸ் ஆய்வாளர்கள் ஒன்றைச் செய்துகாட்டினார்கள். இரண்டு எண்களைக் கூட்டும் எளிய கருவி. அதன் விளக்கத்துக்குள்ளே, பயனரின் மறைவுக் கோப்புகளைப் படித்து உள்ளீட்டோடு சேர்த்து அனுப்பும்படி முகவருக்கு ஓர் ஏவல் ஒளிந்திருந்தது. முகவர் பணிந்தது. மற்றொன்று விரித்தல் என்று நம் முன்னோர் பெயரிட்ட குற்றம் இங்கே களவாகவே மாறிவிட்டது. 'படிக்க மட்டும்', 'அழிக்கக் கூடியது' என்று கருவிகள் தம்மைக் குறித்துக்கொள்ள எம்சிபி நெறிமுறையில் 2025 மார்ச்சு முதல் இடமுண்டு. ஆனால் நம்பத்தக்க சர்வரிலிருந்து வந்தாலன்றி அக்குறிப்புகளை நம்பக்கூடாது என்று அந்த நெறிமுறையே எச்சரிக்கிறது. அழிக்கும் அதிகாரத்துக்குப் பூட்டு நிரலிலே இருக்க வேண்டும். நல்ல விளக்கம் நல்ல முகவரை வழிநடத்தும். கெட்ட கையைத் தடுக்காது.

'இவ்வளவுக்கும் நேரம் ஏது, செலவு ஏது' என்பார்கள். பத்துக்கு ஒன்பது என்று போட்டுவிட்டு நகர்வது மலிவு என்பது உண்மைதான். வினாத்தாள் திருத்தும்போது நமக்கும் அந்த ஆசை வந்ததுண்டு: கையெழுத்து நன்றாயிருக்கிறது, பக்கம் நிறைந்திருக்கிறது, மதிப்பெண்ணைப் போட்டுக் கட்டை இறக்கிவைத்துவிடலாம் என்று. அப்படிச் செய்தால் பாதிக்கப்படுவது யார் என்று நமக்குத் தெரியும், ஆகையால் செய்வதில்லை. கருவி விளக்கத்தைத் திருத்துகிறவருக்கு அந்த முகம் தெரிவதில்லை. வேறுபாடு அவ்வளவுதான்.

பிழை நேர்ந்தபின் 'மொழி மாதிரி தவறாகப் புரிந்துகொண்டது' என்னும் சொற்றொடர் எவ்வளவு வசதியானது என்று பாருங்கள். அதில் விளக்கம் எழுதியவர் இல்லை, மதிப்பிட்டவர் இல்லை, விற்றவரும் இல்லை. படித்தவர் மேலேயே குற்றம். இருபொருள்படக் கேள்வி கேட்டுவிட்டு மாணவனைத் தோல்வியுறச் செய்யும் தேர்வாளரும் இதையேதான் சொல்வார். அங்கே நாம் என்ன செய்கிறோம்? வினாவே பிழையென்று எழுதிக்கொடுத்து, எழுதிய எல்லாருக்கும் மதிப்பெண் கேட்கிறோம். இங்கும் அதையே கேட்கிறோம். ஒவ்வொரு கருவி விளக்கத்துக்கும் அதை எழுதியவர் யார், கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது, எந்தெந்தப் பணிகளில் தவறியது என்று ஒரு பதிவு இருக்கட்டும். வாங்குகிறவர் கேட்டால் காட்டட்டும்.

விற்றவர்கள் பின்னர் அந்த விளக்கத்தை மாற்றினார்கள். 'அனுப்பப்படும் பட்டியல் பழைய பட்டியல் முழுவதையும் அழித்து அதனிடத்தில் வைக்கப்படும். ஒருவருடைய மதிப்பெண்ணை மட்டும் திருத்த இதைப் பயன்படுத்தாதீர்' என்று இப்போது இருக்கிறது. ஒருவருக்கான திருத்தத்துக்குத் தனிக் கருவியும் வந்துவிட்டது. முன்னதைவிட நீளமான வாக்கியம்; ஓசை நயம் ஏதுமில்லை. அந்த நடுவரிடம் கொடுத்தால் ஒருவேளை ஏழுதான் போடும். போடட்டும்.

'நான் எதையாவது எழுதாமல் விட்டுவிட்டேனா?' என்று அந்தப் பெண் கேட்டாளே, அந்தக் கேள்வியைத்தான் நம்மால் மறக்க முடியவில்லை. எழுதாமல் விட்டது அவளல்லள்.